சுண்டுவிரல் மட்டும் ஏன் மரத்துப்போவதில்லை?

கரும்பலகையில் ஒரு கையை வரைந்துகொண்டிருந்தேன். மேலே புய என்பு, கீழே முன்கையின் இரண்டு எலும்புகள்: பெருவிரல் பக்கம் ஆரை, சுண்டுவிரல் பக்கம் அரந்தி. முன்பக்கம் இருதலைத் தசை, பின்பக்கம் முத்தலைத் தசை. ஒன்று சுருங்கினால் மற்றது தளரும். கை மடங்கும், நிமிரும். வருசா வருசம் வரைகிற படம், கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"சேர், எங்கம்மாவுக்கு ராவையில கை மரத்துப் போகுது. எந்திரிச்சு உதறி உதறித்தான் தூங்குவாங்க. ஆனா சுண்டுவிரல் மட்டும் மரக்கிறதே இல்லையாம். அது ஏன் சேர்?"

என் படத்தில் அதற்கு விடை இல்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, நுனியில் ஐந்து விரலைக் கிறுக்கி முடித்திருந்தேன். அவளுடைய அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவருடைய நாள் முழுவதும் நான் கிறுக்கிவிட்ட அந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிற ஒரு கொழுந்து, ஒரு கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பேர், அதாவது ஒரு முழுநாள் சம்பளம், விழுவதற்குக் கேட்கிற நிறை 16, 18, 20 கிலோ என்று இடத்துக்கு இடம் மாறும். 18 கிலோ என்றால் 18,000 கொழுந்து. ஒரு பிடியில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலும், ஒவ்வொரு கைக்கும் ஆயிரக்கணக்கான கிள்ளல். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு கிலோவைச் சொல்லும், தடவையைச் சொல்லாது. கைக்கோ பாரம் பெரிதாகத் தெரிவதில்லை. தடவைதான் தெரியும்.

சரி, கிள்ளுவது எது? விரல் என்போம். விரலுக்குள் அதை மடக்கும் தசை கிடையாது. எலும்பு, தசைநாண், நரம்பு, இரத்தக்குழாய், தோல், கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். இடக்கையால் வலது முன்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை நெளிவது தெரியும். விரலை மடக்குகிற பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, உள்ளங்கை வழியாக விரல் எலும்புகளில் போய்ப் பிடிக்கின்றன. பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அடியில் மேடாக இருக்கும் சதையும், உள்ளங்கை எலும்புகளுக்கு இடையில் கிடக்கும் மெல்லிய தசைகளும் நுணுக்கமான வேலைக்கு உதவுகின்றன. பலம் என்னவோ முன்கையிலிருந்துதான் வருகிறது.

த்ரீவீல் ஓட்டுகிறவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கிளச் கேபிள். இழுப்பது ஓரிடம், அசைவது வேறிடம், நடுவில் உறைக்குள் ஓடும் கம்பி. கேபிள் தேய்வது எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். வளைகிற இடத்தில், உறைக்குள்.

கையில் அந்த வளைவு மணிக்கட்டு. எட்டுச் சின்ன எலும்புகள் நாலு நாலாக இரண்டு வரிசையில், உள்ளங்கைப் பக்கம் குழிந்த ஒரு வாய்க்கால் போல் அடுக்கியிருக்கின்றன. அந்த வாய்க்காலின் மேல் ஒரு பலமான நார்ப்பட்டை குறுக்கே கட்டியிருக்கிறது. தோட்டத்து வடிகால் கான் மேல் பலகை போட்டது போல. அந்த இடுக்கு வழியாக ஒன்பது தசைநாண்கள் போகின்றன: நான்கு விரலுக்கும் இரண்டிரண்டாக எட்டு, பெருவிரலுக்கு ஒன்று. அவற்றோடு ஒரேயொரு நரம்பு, நடு நரம்பு. நாள் முழுக்க ஓடும் நாண்களின் உறை வீங்கினால் இடுக்கில் இடம் போதாது. எலும்பும் விட்டுக்கொடுக்காது, பட்டையும் விட்டுக்கொடுக்காது. மெத்தென்று இருப்பது நரம்பு மட்டும்தான், நசுங்குவதும் அதுதான்.

நடு நரம்பு உணர்வு கொடுப்பது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், பிறகு மோதிர விரலில் பெருவிரலைப் பார்த்த பாதி. மிச்சப் பாதியும் சுண்டுவிரலும் அரந்தி நரம்பின் பங்கு. அந்த நரம்பு இந்த இடுக்குக்குள் போவதில்லை, பட்டைக்கு மேலால் தனி வழியில் போய்விடுகிறது. பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான். சுண்டுவிரல் தப்பித்தது அதன் நரம்பு வேறு வாசலால் வருவதால்.

ராத்திரியில் ஏன் கூடுகிறது? தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு படுக்கிறோம், மடங்கினால் இடுக்கில் அழுத்தம் ஏறும். பகலில் கீழே இறங்கிக் கிடந்த நீர், படுத்ததும் உடம்பெங்கும் பரவும். கையை உதறினால் கொஞ்சம் இறங்குகிறது. இது கொழுந்து எடுப்பவர்களுக்கு மட்டும் வருகிற நோய் என்று சொல்லிவிடக் கூடாது. பெண்களுக்கு அதிகம். கர்ப்பகாலத்தில் வரும். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு உள்ளவர்களுக்கும் வரும். ஆனால் பலமாக, திரும்பத் திரும்பப் பிடிக்கும் வேலை அதைக் கூட்டிவிடும். கவனிக்க வேண்டிய அடையாளம் மரப்பை விட இன்னொன்று: பெருவிரலின் அடிமேடு தட்டையாகிவிடுவது. அந்த மேட்டுத் தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் இதே நரம்புதான். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கீழே விழுந்த சில்லறையைப் பொறுக்க முடியவில்லை என்றால் நாள் கடத்தக் கூடாது. ஆரம்பத்தில், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றை ராத்திரியில் கட்டிக்கொண்டாலே பலருக்குக் குறையும். முற்றினால் அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் சிறிய சத்திரசிகிச்சை இருக்கிறது. வெட்டினால் கை சோடை போய்விடும் என்று லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. சோடை போவது வெட்டாமல் வருசக்கணக்காக விடுகிற கைதான்.

பெருவிரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற நாலு விரலுக்கும் மும்மூன்று எலும்பு, பெருவிரலுக்கு இரண்டு. ஒரு கைக்கு 14 விரலென்பு, உள்ளங்கையில் 5, மணிக்கட்டில் 8, ஆக 27. இரண்டு கைக்கும் 54. உடம்பில் உள்ள 206 எலும்புகளில் கால்வாசிக்கு மேல் மணிக்கட்டுக்குக் கீழேயே இருக்கிறது. பெருவிரலின் சிறப்பு எலும்பின் எண்ணிக்கையில் இல்லை, அதன் அடிமூட்டில் இருக்கிறது. அது சேண மூட்டு. குதிரைச் சேணத்தில் ஆள் உட்கார்ந்தது போல ஒன்றின் குழிவில் மற்றதன் வளைவு பொருந்துகிறது. முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டிலும் போகும், எல்லா விரல் நுனியையும் தொடும். நுவரெலியா குதிரைப் பந்தயத்துக்குப் போன பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம்.

அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. நுனியில் ஒரு கிலோ அழுத்தத்தில் கிள்ளினால் அடிமூட்டின் மேல் பத்து மடங்குக்கும் மேலாக அழுத்தம் விழுகிறது. முதுமையில் பெருவிரலின் அடியில் எலும்பு புடைத்து, போத்தல் மூடி திறக்க முடியாமல் போவது இந்த மூட்டுத் தேய்மானத்தால். இன்னொரு தொல்லை பக்கத்திலேயே இருக்கிறது. பெருவிரலை விரிக்கிற இரண்டு நாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்துவிட்டால் கேபிள் சிக்குகிறது. 1895இல் சுவிற்சர்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரிலேயே நோய் நிற்கிறது. பெருவிரலை உள்ளே வைத்துக் கையைப் பொத்தி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாயுங்கள். பெருவிரல் பக்க ஓரத்தில் சுரீர் என்றால் சந்தேகப்படலாம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கும் புதுத் தாய்மாருக்கும் இது வரும். துணி பிழிகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இனி ஒரு புதிர். கிள்ளுவது உள்ளங்கைப் பக்கத்துத் தசை, வலிப்பதோ முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனை. "கை குடையுது" என்று பலர் தொட்டுக் காட்டுவது அந்த இடத்தைத்தான். மணிக்கட்டை முழுக்கக் கீழே மடக்கிக்கொண்டு விரல்களை இறுக்கிப் பொத்திப் பாருங்கள். பிடி சரியாக வராது. இப்போது மணிக்கட்டைச் சற்றே பின்னுக்கு நிமிர்த்திப் பொத்துங்கள். இறுகும். விரலை மடக்கும் நாண்களுக்கு இழுக்க நீளம் வேண்டும், மணிக்கட்டு மடங்கினால் அவை முன்பே தளர்ந்துவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு பிடிக்கும் முன்கையின் பின்பக்கத் தசைகள் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தசைகளின் வேர், புய என்பின் வெளிமுனையில் ஒரு விரல்நுனி அகலத்துக்குள் ஒட்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான கிள்ளலின் இழுவையும் அங்கே போய்த்தான் சேருகிறது. வைத்தியர்கள் இதை டென்னிஸ் முழங்கை என்பார்கள். டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாத எத்தனை ஆயிரம் பேர் இந்த மலைகளில் அந்தப் பெயரோடு கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்களோ!

முழங்கையைக் கதவுப் பிணையல் என்று படிப்பிக்கிறோம். பாதிதான் சரி. ஒரே உறைக்குள் மூன்று மூட்டுகள் இருக்கின்றன. புய என்பும் அரந்தியும் பிணையல் போல மடங்கும். ஆரையின் தலை புய என்பின் நுனியில் உருளும். அதே ஆரை, அரந்தியின் பக்கத்தில் ஒரு வளையத்துக்குள் சுழலும். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துவிட்டுக் கீழே திருப்புங்கள். அரந்தி இருந்த இடத்திலேயே இருக்க, ஆரை அதன் மேல் குறுக்கே போய்ப் படுக்கிறது. கொழுந்தைக் கிள்ளும்போது விரல் கீழே பார்க்கும், பிடி நிறைந்ததும் கை மேலே திரும்பும். இந்தக் குறுக்குப் பாய்ச்சல்தான் நடக்கிறது.

அந்த வளையம் பிள்ளைகளுக்கு ஆரையின் தலையை இறுகப் பிடிப்பதில்லை. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளையை ஒரு கையில் பிடித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். படி வருகிறது, பிள்ளை தடுக்குகிறது, கையைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்குகிறோம். வளையம் நழுவிவிடும். வீக்கம் இருக்காது, காயம் இருக்காது. பிள்ளை கையை லேசாக மடித்து உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பிஸ்கட் கொடுத்தாலும் அந்தக் கையை நீட்டாது. பழகிய வைத்தியருக்கு அரை நிமிட வேலை. உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்கும், சற்று நேரத்தில் பிள்ளை அதே கையால் பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளும். பிள்ளையைத் தூக்குவதென்றால் அக்குளில் கைவைத்துத் தூக்குங்கள்.

என் கரும்பலகைக் கதாநாயகனான இருதலைத் தசையிலும் ஒரு வேடிக்கை உண்டு. அது புய என்பின் மேல் படுத்துக்கிடக்கிறதே ஒழிய, அந்த எலும்பில் எங்கும் ஒட்டவில்லை. மேலே தோட்பட்டை என்பில் இரண்டு தலையும், கீழே ஆரையில் வாலும். ஆரையில் பிடித்திருப்பதால் முழங்கை மடங்கியிருக்கும்போது உள்ளங்கையை மேலே திருப்பும் பெரிய பலம் அதுதான். கையை மடக்குவதில் முக்கிய உழைப்பாளி அதற்கு அடியில் மறைந்துகிடக்கும் இன்னொரு தசை. பெயர் வாங்குவது ஒருவர், வேலை பார்ப்பது இன்னொருவர்.

அதன் வால் பிடித்திருப்பது முழங்கையிலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றரில். உள்ளங்கை 35 சென்ரிமீற்றருக்கு அப்பால். ஆகவே 5 கிலோ தண்ணீர் வாளியை முழங்கை மடக்கித் தாங்கிப் பிடிக்க, மடக்கும் தசைகள் 35 கிலோவுக்கு இழுக்க வேண்டும். நட்டமான யாவாரம்தான். ஆனால் தசை ஒரு சென்ரிமீற்றர் சுருங்கினால் கை ஏழு சென்ரிமீற்றர் போகும். பாரத்தை விட்டு வேகத்தை வாங்கிய கை இது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதிலிருந்து இந்த மலைகளில் விற்பனையாகிக்கொண்டிருப்பது அந்த வேகம்தான்.

தோளுக்கு வருவோம். புய என்பின் உருண்டைத் தலை தோட்பட்டை என்பின் குழியில் உட்கார்ந்திருக்கிறது என்கிறோம். குழி என்பதே மரியாதைக்குச் சொல்வது. பிளேன்ரீ கோப்பைக்கு அடியில் வைக்கிற பீரிஸில் ஒரு தேசிக்காயை வைத்த மாதிரிதான். அதனால்தான் உடம்பிலேயே அதிகம் அசையும் மூட்டும் அதுதான், அதிகம் விலகும் மூட்டும் அதுதான். நான்கு சிறு தசைகள் முன்னும் பின்னும் மேலுமாகச் சுற்றிப் பிடித்து உருண்டையைப் பீரிஸிலேயே வைத்திருக்கின்றன. மேலே போகும் நாண், தோளின் எலும்புக் கூரைக்கும் உருண்டைக்கும் நடுவில் ஒரு சென்ரிமீற்றர் அளவு சந்தில் ஓடுகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது ஏறத்தாழ 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் அந்தச் சந்து மிக நெருக்கமாகும். பிடி நிறைந்த கொழுந்தைத் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் போடுகிற கை, ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியைக் கடக்கிறது. "தூக்கும்போது நடுவில வலிக்கிது, முழுக்கத் தூக்கிட்டா வலிக்கல" என்று யாராவது சொன்னால் அதன் பொருள் இதுதான். தலைமுடி கொண்டை போடுவதும் பின்னால் கை விட்டுக் கொக்கி மாட்டுவதும் முதலில் கஷ்டமாகும். நீரிழிவுக்காரருக்குத் தோள் அப்படியே உறைந்துபோகிற வேறொரு நோயும் அடிக்கடி வரும். இரண்டையும் ஒன்றாக எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கையை உச்சிக்குத் தூக்குவது 180 பாகை. அதில் சுமார் 120 மட்டுமே தோள் மூட்டின் வேலை. மீதி 60 தோட்பட்டை என்பு விலா மேல் வழுக்கித் திரும்புவதால் வருவது. அந்த எலும்பு விலாவோடு மூட்டாகப் பொருந்தவே இல்லை, தசைகளில் தொங்குகிறது. கை முழுவதும் உடம்போடு எலும்பால் சேர்வது ஒரே இடத்தில், தொண்டைக்குழிக்குப் பக்கத்தில், காறை என்பு நெஞ்செலும்பைத் தொடும் அந்த முனையில்.

கூடைக் கயிறு தோளில் மாட்டாமல் தலையில் மாட்டியிருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தோளில் மாட்டினால் காறை என்பின் மேல் அழுத்தும். அதன் கீழால்தான் கைக்குப் போகிற நரம்புக் கூட்டம் போகிறது, தோட்பட்டையும் வழுக்க முடியாமல் சிறைப்படும். தலையில் மாட்டினால் இரண்டு கையும் விடுதலை. யார் யோசித்ததோ, கையைப் பொறுத்தவரை கெட்டிக்காரத்தனம். கடனைக் கட்டுவது கழுத்து. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் ஏறும். மடுவத்தில் ஈரத்துக்கென்று கழித்துக்கொள்வார்கள், கழித்த கிலோவையும் கழுத்து முன்பே சுமந்து வந்துவிட்டது.

அந்த மழைதான் வழுக்கியும் விடுகிறது. விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. மணிக்கட்டில் பாரத்தை வாங்குவது பெரும்பாலும் ஆரை, அதனால் உடைவதும் அதுவே. எக்ஸ்ரே வந்தது 1895இல். அதற்கு 81 வருசம் முன்பே, 1814இல், ஏப்ரகாம் கொல்லிஸ் என்ற அயர்லாந்து வைத்தியர் இந்த முறிவைக் கையால் தொட்டே எழுதி வைத்தார். கை முள்ளுக்கரண்டியைப் போல் வளைந்துவிடும், பார்த்தாலே தெரியும். பார்த்தால் தெரியாதது இன்னொன்று. பெருவிரலை விரித்து நிமிர்த்தினால் அதன் அடியில் மூக்குத்தூள் வைக்கலாம் போல ஒரு குழி விழும். அதற்குள் அழுத்தினால் நோகிறதென்றால் படகு வடிவச் சிறு எலும்பு ஒன்று உடைந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில்கூடத் தப்பிவிடும். அதற்கு இரத்தம் நுனிப்பக்கமாக வந்து திரும்பிப் போவதால், உடைந்தால் அடித்துண்டு பட்டினி கிடக்கும், ஒட்டாமல் போகும். முறிவு நெரிவு வைத்தியர்களை நான் குறைத்துப் பேசுபவன் இல்லை, என் அப்பாவின் முன்கையை ஒட்டவைத்தவர் அப்படியொருவர்தான். இந்த ஒரு எலும்புக்கு மட்டும் எண்ணெய்க்கட்டை நம்ப வேண்டாம் என்பேன்.

இப்போது ஆள் குறைந்து கத்திரி வந்துவிட்டது. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையமும் ஒரு கத்திரியை வடிவமைத்தது. அலகோடு தட்டும் சேர்ந்திருக்கும், வெட்டுவது தட்டில் விழும். பெருவிரலுக்கு ஓய்வு. பாரம் முழங்கைக்கும் தோளுக்கும் ஏறிவிட்டது. கையை முன்னே நீட்டித் தட்டைத் தாங்கும் தசை, சுருங்கியபடியே நிற்கிறது. அசைகிற தசைக்குள் இரத்தம் வந்துபோகும், இறுகி நிற்கிற தசை தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்ளும். அந்த வலிக்கு லயத்தில் உளைச்சல் என்று பெயர். கிள்ளுகிற வலியையும் உளைகிற வலியையும் எங்கள் ஆட்கள் வேறு வேறு சொல்லால்தான் சொல்கிறார்கள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்திருந்தேன். அம்மாவைக் கண்ணை மூடச்சொல்லி, மோதிர விரலின் இரண்டு ஓரத்தையும் பேனா மூடியால் தொட்டுக் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் வந்தாள்.

"பெருவிரல் பக்கம் தொட்டா பஞ்சு மாதிரி இருக்காம் சேர். சுண்டுவிரல் பக்கம் நல்லா தெரியுதாம். ஒத்தக் காம்பராவுல ரெண்டு குடும்பம் இருந்த மாதிரி, ஒத்த விரல்ல ரெண்டு பேரா குடியிருக்காங்கன்னு சிரிச்சாங்க."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். கிளினிக் செவ்வாய்க்கிழமை. போனால் அன்றைக்குப் பேர் போய்விடும், மழை விடட்டும், கொழுந்து குறைகிற மாதத்தில் பார்க்கலாம் என்று சொல்கிறாராம்.